ஸ்டெப் மேடம்

பின்னத்தில் மேலும் கீழும் நிற்கும் எக்ஸ் மைனஸ் டூவை அடிப்பதற்கு முன் அவர் சாக்பீஸைப் புரட்டிக்கொள்வார். கூரான முனை பலகைப் பக்கம் வரும். ஓரத்தில், கடைசி பெஞ்சுக்குத் தெரியாத அளவுக்குச் சின்னதாக, எக்ஸ் இரண்டு அல்ல என்று குறியிட்டு எழுதுவார். அப்புறம்தான் அந்த இரண்டு கோடுகள். புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு திரும்புவார்.

எங்கள் டுடோரியலில் பிள்ளைகள் அவருக்கு ஸ்டெப் மேடம் என்று பெயர் வைத்திருந்தார்கள். அவருக்கும் தெரியும். லிமிட் கணக்கில் விடைக்குத் தாவுகிறவனைத் திட்டமாட்டார், டஸ்டரை நீட்டுவார். அழித்துவிட்டு முதலிலிருந்து போடவேண்டும். ரெண்டைப் போட்டுப் பார், ஜீரோ பை ஜீரோ வருகிறது, காரணிப்படுத்து, அடி, மறுபடி போட்டுப் பார். ஜீரோவை ஜீரோவால் அடிக்கலாமா என்று ஒருவன் மடக்கினான்.

“அது ரெண்டுக்குப் பக்கத்துல நிக்குதுடா, ரெண்டு ஆகலை. அதனால அடிக்கலாம்.”

குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. கணவர் இறந்த பிறகு தேடிக்கொண்ட வேலை. வீட்டில் அவரும் மாமியாரும் மட்டும். பிளஸ் டூ பிள்ளைகளின் பெரிய வகுப்புக்குக் கிடைத்த சம்பளத்தில்தான் இரண்டு பேரும் சாப்பிட்டார்கள்.

பிளஸ் டூ தேர்வு முடிவு வந்ததும் ஒரு லாரி டிரைவர், மகனையும் அவன் விடைத்தாள் நகலையும் இழுத்துக்கொண்டு வந்தார். முதல்வர் அறைக் கதவு திறந்திருந்தது. நான் வெளியே வருகைப் பதிவு மேசையில் இருந்தேன்.

“எழுதினதெல்லாம் முத்து முத்தா இருக்கு சார். பாதி பேப்பர் வெள்ளையா கிடக்கு. ஒவ்வொரு படியிலயும் உக்காந்து உக்காந்து ஏறச் சொன்னா, பையன் எப்ப மாடிக்குப் போறது?”

பையன் மின்விசிறி சுவிட்சையே பார்த்துக்கொண்டிருந்தான். மேடம் தாளை வரி வரியாகப் படித்தார். ஒரு தடவை அவனை நிமிர்ந்து பார்த்தார். முதல்வர், ஏதாவது சொல்லுங்கம்மா, பெரிய வகுப்பை மாத்துற நிலைமை வந்துடும் என்றார்.

“நான் சொல்லிக்குடுத்த மாதிரிதான் போட்டிருக்கான் சார். நேரமாகும்.”

அவ்வளவுதான் பேசினார்.

பெரிய வகுப்பு, குறுக்குவழி சொல்லித்தரும் ஒருவருக்குப் போனது. மேடத்துக்குச் சின்னப் பிள்ளைகளின் பின்னக் கணக்கு, பாதிச் சம்பளம். புதிய கால அட்டவணையை நான்தான் ஒட்டினேன். அதன்முன் நின்று படித்துவிட்டு, எந்த ரூம் என்று கேட்டார். அந்த ரூமில் டஸ்டர் இருக்கிறதா என்றும் கேட்டார். இருக்கிறது என்றேன். போனார்.

நெடுநாள் கழித்து என் செல்போன் திரை உடைந்து ஒரு கடைக்குப் போனால், உள்ளே லென்ஸை மாட்டிக்கொண்டு அதே பையன். என்னை அடையாளம் கண்டுகொண்டான். மேடம் எப்படி இருக்கிறார் என்று விசாரித்தான். இருக்கிறார் என்றேன். திருகாணியைக் கழற்றிக்கொண்டே அவனாகச் சொன்னான். அப்பா ஆசைப்பட்ட இன்ஜினியரிங்கில் போய் மாட்டிக்கொள்ள அவனுக்கு இஷ்டமில்லை. கணக்குப் பரீட்சையில் நேரம் போதாமல் இல்லை. மணியடிக்க அரைமணி இருக்கும்போதே பேப்பரைக் கொடுத்துவிட்டு வெளியே வந்திருக்கிறான்.

“பரீட்சை அன்னிக்கு சாயந்தரமே மேடம் வீட்டுக்குப் போய் சொல்லிட்டேண்ணா. அப்பாகிட்ட சொல்லிடாதீங்கன்னேன். சரின்னாங்க.”