புரியவில்லை என்று சொன்ன சித்தி

என் மகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால் இன்றும் எனக்கு முகம் சுடுகிறது. வெள்ளைச் சட்டை போட்ட குழந்தையைச் சித்திதான் ஏந்தியிருந்தார். அவர்தான் ஞானத்தாய் என்பதை நான் மசக்கையில் கிடந்தபோதே முடிவு செய்திருந்தேன். தண்ணீர்த் தொட்டியருகே பங்குச்சாமியார் புத்தகத்தைத் திறந்தபோது, கோயில் நிர்வாகத்தைப் பார்க்கும் பங்குப் பேரவைக்காரர் ஒருவர் வந்து அவர் காதில் ஏதோ சொன்னார். சாமியார் புத்தகத்தை மூடிவிட்டு, “புள்ளைய வேற யாராவது வாங்கிக்குங்க” என்றார். சித்தி காரணம் கேட்கவில்லை. குழந்தையை என் நாத்தனாரிடம் கொடுத்துவிட்டுக் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டார். பெற்ற தாயான நானும் வாயைத் திறக்கவில்லை.

சித்தி என் அம்மாவின் தங்கை. காரைக்காலில் நர்ஸாக இருந்தார். கணவர் சீக்கிரமே போய்விட்டார், பிள்ளை இல்லை. சுனாமி வந்த வாரம் முழுக்க அவர் வீட்டுக்கே வரவில்லை. கிளிஞ்சல்மேட்டிலிருந்து வார்டுக்கு வந்த ஒரு தாய், பிள்ளைகள் அத்தனை பேரையும் கடலுக்குக் கொடுத்தவர், சித்தியின் கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொண்டு, “ஒங்க சாமி அப்ப எங்கம்மா போயிருந்துச்சு?” என்று கேட்டாராம். சித்தி அந்த அம்மாளின் முகத்தைத் துடைத்துவிட்டிருக்கிறார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவரைத் தாங்கி நிறுத்தியது ஒன்றே ஒன்று. சிலுவையில் தொங்கிய இயேசுவும், தன்னை ஏன் கைவிட்டீர் என்று கடவுளைப் பார்த்துக் கதறினாரே, அதுதான். அந்த ஆறுதலிலிருந்துதான் கேள்வியும் பிறந்தது. கோயிலில் நடந்த பைபிள் வகுப்பில் ஒருநாள் எழுந்து கேட்டார்: “கைவிட்டவரும் கைவிடப்பட்டவரும் ஒரே கடவுள்னா, அந்தக் கதறல் என்னங்க சாமி? நமக்காக நடிச்சுக் காட்டுனதா?”

தந்தை வேறு, மகன் வேறு, ஆனால் கடவுள் ஒருவர்தான், அது மனித புத்திக்கு எட்டாத மறைபொருள் என்றார் சாமியார். “நான் இல்லேன்னு சொல்லலீங்க சாமி, எனக்குப் புரியலேன்னுதான் சொல்றேன்” என்றார் சித்தி. இந்த ஒரு வாக்கியம் கோயில் வாசலைத் தாண்டுவதற்குள், இயேசு கடவுளே இல்லை என்று நர்ஸம்மா சொல்லிவிட்டார் என்றாகிவிட்டது. மறைபொருள் என்று தாங்களே ஒத்துக்கொள்கிற ஒன்றை ஒருத்தி புரியவில்லை என்று சொன்னால் அது எப்படிக் குற்றமாகும்? அடுத்த மாதம்தான் அந்த ஞானஸ்நானம். பூசையில் தரும் நற்கருணை அப்பம் வாங்க வரவேண்டாம் என்றும் பிறகு சொல்லிவிட்டார்கள்.

செய்தி கோட்டுச்சேரிப் பக்கம் ஒரு ஜெபவீட்டுக்கும் எட்டியது. பிதா ஒருவரே கடவுள், இயேசு அவர் அனுப்பிய மகன் மட்டுமே என்று போதிப்பவர்கள் அவர்கள். போட்டியில் ஜெயித்த கோப்பையைப் போலச் சித்தியைக் கூட்டிக்கொண்டு போனார்கள். சில மாதம் கழித்து, சபை முன்னால் சிலுவையைக் கழற்றிவிட்டு, இயேசு கடவுள் அல்ல என்று வாய்விட்டு அறிக்கையிடச் சொன்னார் போதகர். “அடிச்சுச் சொல்ற அளவுக்கு எனக்குத் தெரியாதுங்களே ஐயா” என்றார் சித்தி. அந்தக் கதவும் சாத்திக்கொண்டது. கடவுளின் வீட்டுக்குள் அறை அறையாகப் போய்வந்தவர்கள் மாதிரி பேசினார்கள் இரு தரப்பும். அந்த வார்டில் ஒரு பகல் நின்றவர் அவர்களில் ஒருவரும் இல்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் நேர்மை ஒருத்திக்கு இருந்தது. இரண்டு இடத்திலும் அது ஒன்றைத்தான் அவர்களால் பொறுக்க முடியவில்லை.

சித்தி அதன் பிறகும் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போனார். கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு வந்தார். போன மழைக்காலத்தில் இறந்தார். அன்று காலை அதே பேரவைக்காரர் வீட்டுக்கு வந்து, “கல்லறையில எடம் உண்டு. பூசை கெடையாது, மணியும் அடிக்கமாட்டாங்க” என்றார்.

“அவங்க என்ன சொன்னாங்கன்னு நீங்க காதால கேட்டீங்களா?” என்று கேட்டேன்.

“ஊரே சொல்லுச்சே.”

“ஒங்கம்மா படுக்கையில கெடந்தப்ப தெனமும் வந்து புண்ணு கழுவிவிட்டது ஊரா, எங்க சித்தியா?”

அவர் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஆனால் மணி அடிக்கவில்லை.

மழை விட்டிருந்த நேரத்தில் கல்லறைக்குக் கொண்டுபோனோம். சாமியார் வரவில்லை. பங்குக்காரர்கள் ஒரு பக்கம் கைகட்டி நின்றார்கள். ஜெபவீட்டுக்காரர்கள் பெட்டியில் சிலுவை இருந்ததால் கிட்டே வராமல் வாசலிலேயே நின்றார்கள். குழியருகே ஜெபம் சொல்ல ஒருவரும் இல்லை. அப்போது திருவேட்டக்குடியிலிருந்து வந்திருந்த வார்டு ஆயாம்மா முன்னால் வந்தார். நெற்றியில் திருநீறு, கையில் செருப்பு. சித்தி தினமும் டூட்டி தொடங்குமுன் முணுமுணுக்கும், இயேசுவே கற்றுக்கொடுத்த அந்த ‘எங்கள் தந்தையே’ ஜெபத்தைக் கேட்டுக்கேட்டே பாடமாக்கியிருந்தார் போலும். சத்தமாக ஆரம்பித்தார். இரண்டு கூட்டத்துக்கும் எழுத்துப் பிசகாமல் தெரிந்த ஜெபம் அது. ஒருவர் உதடும் அசையவில்லை. இரண்டாவது வரியில் ஆயாம்மா தடுமாறியபோது நான் சேர்ந்துகொண்டேன். நாங்கள் இரண்டு பேர் மட்டும் அதைச் சொல்லி முடித்தோம்.