பதினொரு மணிக் கச்சான்

1. போத்தல் தூக்கிய வருடம்

கொழும்புக் கழகம் ஒன்று என்னை ஒரு வருட ஒப்பந்தத்தில் எடுத்தபோது எங்கள் ஊர் குறிஞ்சாக்கேணியில் பட்டாசு கொளுத்தினார்கள். அந்த வருடம் நான் பந்து வீசியதைவிடத் தண்ணீர்ப் போத்தல் தூக்கியதுதான் அதிகம்.

நான் ஓஃப் ஸ்பின் போடுகிறவன். ஊரில் என் பந்து காற்றிலேயே வெளியே விலகிப் போகும், தரையில் பட்டதும் உள்ளே திரும்பும். கொழும்பில் அதே பந்து நல்ல பிள்ளை மாதிரி நேரே போனது. விலக வைத்தது என் விரல் இல்லை, ஊர்க்காற்று என்பது கொஞ்ச நாள் கழித்துத்தான் விளங்கியது. வெட்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை.

ஒப்பந்தத்தில் ஒரே ஒரு மூன்று நாள் மெட்ச் மிச்சம். அது என் ஊருக்குப் பக்கத்தில், திருகோணமலையில். எங்கள் மூத்த சுழற்பந்து வீச்சாளருக்குத் தோள் பிடித்துக்கொண்டதால் எனக்கு இடம் கிடைத்தது. கப்டன் சுரேன் கொழும்புத் தமிழர். சுற்றிவளைத்துப் பேசத் தெரியாதவர்.

"இதுல காட்டினாத்தான் அடுத்த வருஷம். விளங்குதா?"

"ஓம் அண்ணன்."

"உன்ட ஊர்தானே, ஏதாவது சொல்லு."

வாய் சும்மா இருக்கவில்லை. "வடக்கு முனைய எனக்கு வையுங்க. பதினொரு மணிக்குக் கச்சான் எழும்பும்."

கச்சான் என்பது மேற்கேயிருந்து வரும் சூடான தரைக்காற்று. வடக்கிலிருந்து நான் போட்டால் பந்தை வெளியே தள்ளிக்கொண்டு போகும்.

"சரியா பதினொண்டா?"

"சரியா பதினொண்டு."

அவ்வளவு உறுதி எப்படி வந்தது? முதல் நாள் மாலை ரிஸானா ராத்தாவிடம் போனில் கேட்டிருந்தேன். எனக்கு அக்கா முறை, வயல் வேலை செய்கிறவர். "பதினொண்டுக்கு முந்தி நான் நெல்லுத் தூத்தச் சுளகத் தொடமாட்டன். பிறகு பதரெல்லாத்தையும் கச்சானே பாத்துக்கும்" என்றார்.

2. மணிக்கூடு

நாங்கள் களத்தடுப்பு. பதினொன்றடிக்கக் கப்டன் பந்தைத் தந்தார். ஸ்கோர் பலகைக்கு மேலிருந்த கொடி, நனைந்த சாரத்துணி போலத் தொங்கியது. ஊரிலிருந்து ஒரு பஸ் நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள். முன்வரிசையில் குடையோடு ராத்தா.

முதல் ஓவரில் இரண்டு சிக்ஸர். அடுத்ததில் இன்னும் ஒன்று. அடித்தவர் எதிரணியின் ஆரம்பத் துடுப்பாட்டக்காரர், நெடுத்த மனிதர். பந்து கடலுக்குப் போகாதது அல்லாஹ்வின் கிருபை.

"மச்சான், காத்த வீட்ட வெச்சிட்டா வந்த?" என்று எங்கள் ஊர்ப்பக்கத்திலிருந்தே ஒரு குரல்.

கப்டன் பந்தை வாங்கிக்கொண்டார். "இப்ப எத்தின மணி?"

"பதினொண்டு இருவது."

"உன்ட காத்துட மணிக்கூடு எந்த ஊரு நேரம் காட்டுது?"

எல்லைக்கோட்டுக்குப் போய் நின்றேன். பின்னால் ராத்தா.

"நீங்கதானே பதினொண்டு எண்டீங்க!"

"அது நம்மட வயல்ல, மடையா. இஞ்ச கடற்கரை. கடல்காத்து கச்சான மறிச்சிட்டு நிக்கும், அதத் தள்ளிட்டுத்தானே வரணும்? எங்க விளையாடுற எண்டு நீ சொன்னியா?"

சொல்லவில்லைதான். பகலுணவு நேரம் கப்டனிடம் போனேன். ஒப்பந்தம் போய்விட்டது என்றே நினைத்தேன்.

"அண்ணன், பிழை என்னில. எங்கட ஊர் நேரத்த இஞ்ச சொல்லிட்டன். கச்சான் வரும். எப்ப எண்டு மட்டும் எனக்குத் தெரியாது."

அவர் மீன்முள்ளை எடுத்தபடி யோசித்தார். "வந்தா நீயே வந்து பந்தக் கேளு."

3. தொப்பி

இரண்டு மணி போலிருக்கும். காதில் சூடாக ஏதோ பட்டது. திரும்பிப் பார்க்கிறேன், கொடி எழும்பி நிற்கிறது. ஸ்கோர் தாள்கள் பறந்தன. ராத்தாவின் குடை மறுபக்கம் திரும்பியது. நான் கேட்கப் போவதற்குள் கப்டனின் தொப்பி கழன்று உருண்டது. அவர் அதைத் துரத்திக்கொண்டே சிரித்துக் கத்தினார்:

"டேய், உன்ட காத்து வந்துட்டுடா! பந்தப் புடி!"

நெடுத்தவர் இன்னும் அடித்துக்கொண்டிருந்தார். என் பந்து வெளியே விலகியது. எட்டி அடிக்கப் போனார். அது தரையில் பட்டு உள்ளே திரும்பி நடு ஸ்டம்பைத் தூக்கியது. ஊர்ப்பக்கம் எழுந்த கூச்சல் துறைமுகம் வரை கேட்டிருக்கும். அன்று ஐந்து விக்கெட். அவ்வளவு சந்தோஷம் அதற்குப் பிறகும் எனக்கு அடிக்கடி வாய்க்கவில்லை. இரண்டு வருட ஒப்பந்தம் தந்தார்கள். விரலாலும் பந்தை விலக வைக்கப் பழகியது பிறகுதான்.

அன்று பின்னேரம் கப்டன் கேட்டார்: "நாளைக்கு எத்தின மணிக்குடா?"

"பக்கம் மட்டும் சொல்றன் அண்ணன், மேற்கு. மணிய ராத்தாட்ட கேளுங்க."

கழகத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். காற்று எந்தப் பக்கம் வரும் என்று தெரிந்தால் துணிந்து சொல்லுங்கள். எத்தனை மணிக்கு என்று தெரியாவிட்டால் அதையும் அதே துணிவோடு சொல்லுங்கள்.