சிங்காரவேலுவின் கூந்தல்

சிங்காரவேலு என் தங்கை குந்தவையின் புருஷன். வலங்கைமான் பக்கம் ஒரு நாடகக் குழுவில் வள்ளி வேஷம் கட்டியவர். அதற்காக இடுப்பு வரைக்கும் முடி வளர்த்திருந்தார். கல்யாணம் பேச வந்தபோது நான்தான் பிடிவாதம் பிடித்தேன்.

"ஒரு வீட்டுக்கு ரெண்டு சடை எதுக்குங்க? வெட்டினாத்தான் பொண்ணு."

வெட்டிவிட்டார். குழு வேறு வள்ளியைத் தேடிக்கொண்டது. அவர் அரிசி ஆலைக்கு மூட்டை தூக்கப் போனார். முடி வெட்டியவரிடம் அந்த முடியைக் கேட்டு வாங்கி, சவுரி கட்டி, பத்து வருஷம் நான் வைத்துப் பின்னிக்கொண்டேன். இதை ஒருவரிடமும் சொன்னதில்லை.

போன மாதம் பேத்தி டிவியில் ஒரு சின்னப் படம் போட்டாள். அந்தக் காலத்து நாடகக்காரர்கள் கதை. ராணி வேஷக்காரன் தலைமுழுகிவிட்டுக் கூந்தலுக்குச் சாம்பிராணி காட்டுகிறான். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

"என்ன அழகுடி இவன்" என்று சிரித்தேன். சொன்ன பிறகுதான் பக்கத்து நாற்காலியில் சிங்காரவேலு இருப்பது உறைத்தது. வழுக்கைத் தலையைத் தடவியபடி அவரும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது சவுரி, அக்கா. சொந்த முடி இப்படி ஆடாது."

"உங்களுக்கு எப்படித் தெரியும், மாப்பிள்ளை?"

"பத்து வருஷம் உங்க தலையில பார்த்தேனே. என்னுதாச்சே."

குந்தவை காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"படம் முடியட்டும், பேசிக்கலாம்" என்றேன்.

முடிந்து மூன்று வாரம் ஆகிறது. அவர் வந்தால் நான் கொல்லைப்பக்கம் போய்விடுகிறேன்.