பதினாறா, இருபத்திநாலா

எங்கள் வீட்டில் பல மாதங்களாக இரண்டே பெயர்கள்தான் புழங்கின. ஒன்று பதினாறு, இன்னொன்று இருபத்திநாலு. தெருவில் போகிறவர் காதில் விழுந்திருந்தால் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள், வயதுப் பொருத்தத்தில் ஏதோ இழுபறி என்று நினைத்திருப்பார். இரண்டும் கம்ப்யூட்டருக்குள் போடும் பிராசசர்கள். உள்ளே குட்டி மூளைகள் மாதிரி இருந்து வேலை பார்க்கும் கோர்களின் எண்ணிக்கையை வைத்து என் வீட்டுக்காரர் அவற்றைக் கூப்பிட்டார். கடையில் கிடைப்பதிலேயே உசத்தியான இரண்டு அவை. எதை வாங்குவது என்று பார்த்துப் பார்த்தே அவர் கண்ணில் மிச்சமிருந்த வெளிச்சத்தையும் செலவழித்தோம். இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

அவர் கல்யாண வீடியோ எடிட்டர். கோவில்பட்டியில் எங்கள் வீட்டு மாடி அறைதான் வேலையிடம். ஒரு மூலையில் அவர் வீடியோவை வெட்டி ஒட்டுவார், இன்னொரு மூலையில் நான் ஆல்பம் டிசைன் பண்ணுவேன். விளாத்திகுளம், எட்டயபுரம் பக்கமிருந்தெல்லாம் போட்டோகிராபர்கள் ஹார்டு டிஸ்க்கோடு பஸ் ஏறி வருவார்கள். அவர்களைத் தொடர்ந்து கல்யாண வீட்டுக்காரர்களும் வருவார்கள். இந்தப் பக்கத்தில் அப்படி ஒரு பழக்கம். பொண்ணு வீட்டிலிருந்து ரெண்டு பேர், மாப்பிள்ளை வீட்டிலிருந்து ரெண்டு பேர் எடிட்டருக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார்கள். தாய்மாமன் சீர் கொண்டுவந்தது முழுசா வரணும் என்பார் ஒருத்தர். பந்தியில் சண்டை போட்ட சித்தப்பாவை ஒரு இடத்திலும் காட்டக்கூடாது என்பார் இன்னொருத்தர். கல்யாணத்தன்று மனசுக்குள் வைத்திருந்ததெல்லாம் எங்கள் மாடியில்தான் வெளியே வரும். நான் டீ கொடுத்துக்கொண்டே எல்லாக் குடும்பத்துப் பஞ்சாயத்தையும் கேட்டிருக்கிறேன்.

வெட்டும்போது படத்தை ஓட்டிப் பார்க்க வேண்டும். அதற்குப் பிரிவியூ என்று பெயர். கேமராக்கள் பெரிசாகிக்கொண்டே போக, எங்கள் பழைய மிஷினால் அந்தப் படத்தை முழுத் தெளிவோடு ஓட்ட முடியவில்லை, திக்கித் திக்கி நின்றது. அதற்கு ஒரு வழி உண்டு. தெளிவைப் பாதி, கால் என்று குறைத்து வைத்தால் படம் கொஞ்சம் மங்கலாக, ஆனால் நிற்காமல் ஓடும். கடைசியில் கல்யாண வீட்டுக்குக் கொடுக்கும் வீடியோ தெளிவாகத்தான் இருக்கும், வேலை பார்க்கிறவருக்கு மட்டும்தான் மங்கல். அதனால்தான் அவர் முதன்முதலில், “படம் ரொம்ப மங்கலாத் தெரியுதுட்டி, மிஷினுக்கு வயசாயிட்டு” என்றபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. புதுசு வாங்குங்க என்றேன். சீட்டு எடுத்த பணம் பீரோவில் இருந்தது, தள்ளிப்போட அவசியமே இல்லை.

எப்போதும்வென்றான் என்கிற ஊர்ப் பக்கத்துக் கல்யாணம் ஒன்று வந்தது. பொண்ணு வீட்டார் வந்து உட்கார்ந்து, நீலச் சட்டை போட்ட பெரியப்பா ஒருத்தரைக் காட்டி, அவர் எந்த இடத்திலும் வரக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இவர் ரெண்டு நாள் உட்கார்ந்து சுத்தமாக எடுத்துக் கொடுத்தார். வாங்கிப் போனவர்கள் சொந்தபந்தத்தையெல்லாம் கூட்டிவைத்து டிவியில் போட்டிருக்கிறார்கள். பெரியப்பா ஒவ்வொரு இடத்திலும் சிரித்துக்கொண்டு நின்றிருக்கிறார். ஊரைக் கூட்டிச் சீர் கொண்டுவந்த தாய்மாமனைத்தான் காணோம். அவரும் அன்றைக்கு நீலச் சட்டைதான் போட்டிருந்தாராம். தாய்மாமன் பாதியிலேயே எழுந்து, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலையில் பொண்ணோட அப்பா படியேறி வந்தார். “உங்களுக்கு என்ன கண்ணு தெரியலையா? என் மச்சினன் இனிமே எங்க வீட்டு வாசல்ல மிதிப்பானா?” என்று கத்தினார். இவர் எழுந்து நின்று, “பிரிவியூ மங்கலா இருந்துச்சு அண்ணாச்சி. மிஷின் பழசு. புதுசு வாங்கப் போறேன், திருத்தித் தாரேன்” என்றார். வந்தவர் மிஷினைப் பார்த்தார், கொஞ்சம் தணிந்தார். மிஷின்மேல் பழியைப் போட்டால் யாரும் நம்புவார்கள். நான் மட்டும் என் இடத்திலிருந்தே இவர் திரையைப் பார்த்தேன். ரெண்டு நீலச் சட்டையும் அதில் நின்றிருந்தன. ஒருத்தர் மீசைக்காரர், ஒருத்தர் மழமழவென்று சிரைத்தவர். கால் தெளிவில்கூட எனக்கு வித்தியாசம் தெரிந்தது.

அவருக்குச் சர்க்கரை ரொம்ப வருஷமாக உண்டு. சண்டை போட்டுத்தான் மதுரைக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கண்ணை விரிக்கச் சொட்டு மருந்து விட்டு உட்காரவைத்திருந்தார்கள். எதிரே இருப்பவர் முகமே தெரியாத அந்த நேரத்திலும், “அந்தப் பதினாறையும் இருபத்திநாலையும் ஒப்பிட்டுப் போட்டிருக்கான்லா, அதைப் போடு, கேக்கேன்” என்றார். செல்போனில் ஒருத்தன் படபடவென்று இங்கிலீஷில் பேசினான். பக்கத்தில் இருந்த அம்மா, “என்னத்தா, கிரிக்கெட்டா?” என்று கேட்டார். “இல்லம்மா, ரெண்டு கம்ப்யூட்டருக்குச் சண்டை” என்றேன். “யாரு ஜெயிக்கா?” என்று கேட்டார் அந்த அம்மா. இவரும் சிரித்தார். கடைசியாக நாங்கள் சேர்ந்து சிரித்தது அங்கேதான் என்று நினைக்கிறேன்.

டாக்டர் நிதானமாகத்தான் சொன்னார். வலது கண்ணில் ரத்தம் கசிந்து பார்வை போய்விட்டது, இனி வராது. இடது கண்ணில் விழித்திரையின் நடுவே வீங்கியிருக்கிறது, ஊசி போடலாம், இருக்கிறதைக் காப்பாற்றப் பார்க்கலாம், உத்தரவாதம் கிடையாது. இவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பெரிய மானிட்டர் வைத்து வேலை பார்க்கலாமா என்று கேட்டார். பார்க்க முடிகிற வரைக்கும் பாருங்கள் என்றார் டாக்டர். இவர் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். பஸ்ஸில் வரும்போது, “இருக்கிற வரைக்கும் அந்தப் பழைய சனியனுக்கு முன்னால காத்துக் கிடக்க முடியாதுட்டி. நல்ல மிஷின் இருந்தா முழுத் தெளிவில பாத்துச் செஞ்சிருவேன். ஒரு கண்ணு போதும்” என்றார். சாத்தூர் தாண்டும்வரை நான் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன். அழுதால் அவருக்குத் தெரியாது என்பது அப்புறம்தான் உறைத்தது. அதற்காக இன்னும் கொஞ்சம் அழுதேன்.

எங்களுக்கு நிறைய வேலை கொடுக்கிற ஸ்டுடியோ அண்ணாச்சிக்கும் எப்போதும்வென்றான் விஷயம் போய்விட்டது. நல்ல மனுஷர்தான். “தம்பி, புது மிஷின் வாங்கிட்டு ஒரு வார்த்தை சொல்லுங்க, முன்னை மாதிரி தாரேன்” என்று சொல்லிவிட்டு, வருகிற வேலையைத் திருநெல்வேலிக்கு அனுப்ப ஆரம்பித்தார். அவரிடம் கண்ணைப் பற்றிச் சொல்லக்கூடாது என்று எனக்கு உத்தரவு. ஆக எல்லாமே அந்த மிஷின் மேல் வந்து நின்றது. என் வீட்டுக்காரருடைய வேலை, மரியாதை, காலையில் எழுந்து குளித்து மாடியேற ஒரு காரணம் எல்லாம்.

அப்படியானால் அடுத்த நாளே வாங்கியிருக்க வேண்டும்தானே? அங்கேதான் மனுஷர் என்னைக் கொன்றார். தப்பாக வாங்கிவிடக் கூடாது என்று ஒரு பயம் பிடித்துக்கொண்டது. இருபத்திநாலில் ரெண்டு விதமான கோர்கள், பெரிசு கொஞ்சம், சின்னது நிறைய. பதினாறில் எல்லாமே ஒரே தினுசு. வெட்டியதையெல்லாம் சேர்த்து ஒரே வீடியோவாகக் கடைசியில் சமைத்து எடுக்கும்போது இது வேகமாம், வெட்டும்போது அது வேகமாம். ஒருத்தன் சொன்னதை இன்னொருத்தன் மறுத்தான். ஆராய்ச்சிப் பக்கங்களில் பட்டை பட்டையாகக் கோடு போட்டிருப்பான். எந்தப் பட்டை நீளம் என்று நான் பார்த்துச் சொல்ல வேண்டும். ஒரு பட்டையை நான் மாற்றிச் சொன்னால், “இல்ல, போன வாரம் வேற சொன்னே” என்று திருத்துவார். எல்லாம் மனப்பாடம். மனசுக்குள் அவ்வளவும் தெளிவாக வைத்திருந்தார்.

எனக்கும் புரியத்தான் செய்தது. கண் விஷயத்தில் எங்களுக்குத் தேர்ந்தெடுக்க எதுவுமே கிடையாது, போடுகிற ஊசியைப் போட்டுக்கொண்டு வர வேண்டும். இதிலாவது கையில் ரெண்டு இருந்தன. ஒன்றைச் சொல்லிவிட்டால் அதுவும் போய்விடும். புரிந்ததனால் கோபம் வராமல் இல்லை. ஒவ்வொரு தடவை மதுரைக்குப் போய் வரும்போதும் இடது கண்ணில் கொஞ்சம் குறைந்துகொண்டேதான் இருந்தது. ஒருநாள் சாப்பாட்டுத் தட்டில் கூட்டு எந்தப் பக்கம் இருக்கிறது என்று கையால் துழாவிக்கொண்டே, இருபத்திநாலுக்குக் கரண்ட் எவ்வளவு இழுக்கும் என்று கேட்டார். நான் கரண்டியைத் தூக்கி எறிந்தேன்.

“ரெண்டுல எதையாவது வாங்கித் தொலைங்க! எது வாங்கினாலும் இப்ப இருக்கிறதுக்கு ஆயிரம் மடங்கு. நீங்க பாத்து முடிக்கிறதுக்குள்ள பாக்கவே முடியாமப் போயிரும், அது தெரியுதா உங்களுக்கு?” என்று கத்தினேன். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன் என்றெல்லாம் எழுதமாட்டேன். உண்மையைத்தான் சொன்னேன். எனக்குப் பொய் வராது, பூசி மெழுகவும் வராது. அதற்காகவே என் பிறந்த வீட்டில் பாதிப் பேர் என்னோடு பேசுவதில்லை. அவர் தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு, “நாளைக்கு பாய் கடைக்குப் போவோம்” என்றார்.

பஸ் ஸ்டாண்ட் பக்கம் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிற பாயிடம்தான் எப்போதும் எல்லாம் வாங்குவோம். இவர் ரெண்டு பெயரையும் சொல்லிக் காரண காரியத்தோடு அரைமணி நேரம் பேசினார். பாய் பொறுமையாகக் கேட்டார். “அண்ணாச்சி, ரெண்டும் குதிரைதான். ஆனா நெட்டுல எழுதுறவிய சோதிச்சுப் பாக்கிறது குளுகுளு ரூம்ல. உங்க மாடி ரூம் சித்திரையில எப்படிக் கொதிக்கும்னு எனக்குத் தெரியும். கரிசக்காட்டுத் தூசி வேற ஃபேனை அடைச்சிரும். சூடு குறைச்சலா இருக்கிற பதினாறை வச்சுக்கிடுங்க” என்றார். “சரி, பதினாறையே வரவழைங்க” என்றார் இவர். இத்தனை மாதமாக வாசித்த எதிலும் எங்கள் மாடியின் வெயில் இல்லை. பாய் என் பக்கம் திரும்பி மெதுவாக, “அண்ணாச்சி கண்ணு எப்படி இருக்குக்கா?” என்று கேட்டார். ஊருக்கே தெரிந்திருக்கிறது.

பெங்களூரிலிருந்து சாமான் வர ஒரு வாரம் ஆனது. பாயே வந்து பூட்டிக் கொடுத்தார். விளாத்திகுளத்துக் கல்யாணம் ஒன்றை ஏற்றி, தெளிவை முழுசுக்கு வைத்து ஓட்டிக் காட்டிவிட்டு, இன்னொரு கடைக்குப் போக வேண்டும் என்று இறங்கிப் போனார். எத்தனையோ கேமராப் படங்கள் ஒன்றாக ஓடின. ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை. ஐயர் நெற்றியில் இறங்கிய வேர்வை, பொண்ணு மூக்குத்தியில் பட்ட லைட், கூட்டத்தில் கடைசி வரிசையில் கொட்டாவி விட்ட ஆள் என்று ஒவ்வொன்றும் எனக்குத் தெரிந்தது. அப்படி ஒரு படத்தை அந்த அறையில் நாங்கள் பார்த்ததே இல்லை.

அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். அப்புறம் இன்னும் முன்னால். மூக்கு திரையில் இடிக்கிற மாதிரி குனிந்து, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, ஓரக்கண்ணில் பிடிக்கப் பார்த்தார். மேளச் சத்தம் கெட்டியாகி, தாலி கட்டி முடிந்து, அட்சதை விழுந்தது. மௌஸால் பின்னுக்கு இழுத்து அதே இடத்தைத் திரும்ப ஓட்டினார். அப்புறம் கேட்டார்.

“ஏட்டி, முழுசுலதான் ஓடுதா?”

நான் குனிந்து பார்த்தேன். முழுசு என்றுதான் இருந்தது. பாய் வைத்துவிட்டுப் போனபடியே இருந்தது. அவர் முகம் என் பக்கம் திரும்பி, என்னைச் சரியாகப் பார்க்காமல் என் தோளுக்குப் பக்கத்தில் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தது. இத்தனை வருஷத்தில் அந்த முகத்தில் அவ்வளவு பயத்தை நான் பார்த்ததில்லை.

“இல்லங்க” என்றேன். “பாதியிலதான் ஓடுது. முழுசு வச்சா திக்குது. அதான் மங்கலா இருக்கு.”

அவர் நாற்காலியில் சாய்ந்தார். “அப்பவே நினைச்சேன். பாய் பேச்சைக் கேட்டுட்டோம். இருபத்திநாலைத்தான் வாங்கியிருக்கணும்.”

“ஆமா” என்றேன். “அதைத்தான் வாங்கியிருக்கணும்.”

“அதுல அடுத்த மாடல் வரப்போகுதாம்லா. என்ன போட்டிருக்கான்னு எடுத்து வாசி.”

நான் செல்போனை எடுத்து வாசிக்க ஆரம்பித்தேன்.