வாரத்துக்கு ஒரு மைல்

போன வாரம் எங்கள் மலை ஊரான பிரிஞ்சாங்கில் ஓர் எழுதுபொருள் கடைக்குப் போயிருந்தேன். பக்கத்தில் நின்ற பெண், எழுத்துப் பிழையை மறைக்கிற வெள்ளை மைப் புட்டியைத் திறந்து, காய்ந்துவிட்டதா என்று பார்த்தாள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் நான் என்ன வாங்க வந்தேன் என்பதே மறந்துவிட்டது. சொன்னால் சிரிப்பீர்கள். மற்றவர்களுக்கு இளமைக்காலம் என்றால் மல்லிகைப்பூ வாசம் வரும். எனக்கு வெள்ளை மையும், தொழிற்சாலை மாடியில் வாடப்போட்ட தேயிலையின் பச்சை வாடையும்தான்.

அப்போது இருபத்திரண்டு வயது. ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் சின்னக் கிராணி. காலையில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடுவதைப் பெரட்டு என்போம். பெரட்டு நடக்கும் இடத்தில் ஓர் அறிவிப்புப் பலகை. சம்பளத் தேதியும் மருந்தடிக்கும் தேதியும் ஒட்டுகிற அந்தப் பலகையில், திங்கட்கிழமை தோறும் நான் ஒரு படக்கதை ஒட்டுவேன். பெயர் ‘மாரியின் லோரி’. சீனர் மளிகைக்கடைக் காலண்டரின் பின்பக்கம்தான் தாள். ஆபீஸில் இருந்தவை கறுப்புப் பேனாவும் சிவப்புப் பேனாவும். அதனால் கதாநாயகனான லோரி ஓட்டுநர் மாரிக்குச் சிவப்புச் சட்டை. வேறு கலை நோக்கம் எதுவும் கிடையாது.

கதையின் நீளத்தை முடிவு செய்தவர் எங்கள் கங்காணி. முதல் வாரம் பன்னிரண்டு கட்டம் வரைந்திருந்தேன். பெண்கள் கூட்டமாக நின்று, எழுத்துக்கூட்டி வாசித்து, தெரியாதவர்களுக்குச் சொல்லி முடிப்பதற்குள், ஆட்களை மலைக்கு ஏற்றிப்போகும் லோரி கால் மணி நேரம் காத்து நின்றது.

“ஆறு கட்டத்துக்கு மேல வேணாம்லா தம்பி. தொர வந்தா என்னையத்தான் ஏசுவாரு” என்றார்.

ஆறு கட்டத்தில் கதை சொல்லப் பழகினேன். ஐந்தாவது வரை சும்மா ஓட்டலாம். ஆறாவதில் மாரி பிரேக்கை மிதித்தாக வேண்டும், அல்லது கதவை யாராவது தட்ட வேண்டும். அடுத்து என்ன என்று எனக்கே தெரியாத வாரங்களில் பனிமூட்டம்தான் கை கொடுத்தது. வரைந்த செடிகளின் மேல் வெள்ளை மையைத் தடவிவிட்டால் மலை காணாமல் போய்விடும், ஒரு வாரமும் கழிந்துவிடும். ஆனாலும் எத்தனை நாள்தான் பிரேக்கையே மிதித்துக்கொண்டிருப்பது? கூட்டம் குறைந்தது. பலகையைத் திரும்பிப் பார்க்காமலே லோரி ஏறிப் போனார்கள்.

அந்தச் சமயத்தில்தான் சேகர் காணாமல் போனார். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் என் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி இருந்த பரமேசக்காவின் கணவர். பக்கத்து ஊரான திரிங்காப்பில் காய்கறி லோரிக்கு உதவியாளாகப் போய்க்கொண்டிருந்தார். ஒருநாள் லோரி கோலாலம்பூர் போய்த் திரும்பி வந்தது, அவர் வரவில்லை. மலையடிவாரத்துத் தாப்பாவில் தேநீர் குடிக்க இறங்கியவர் மறுபடி ஏறவே இல்லை என்றார் ஓட்டுநர். போலீஸில் எழுதிக் கொடுத்தார்கள். அதோடு சரி.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அடுத்த திங்கட்கிழமை மாரியையும் தாப்பாவில் இறக்கிக் காணாமல் போக வைத்தேன். கூட்டம் திரும்பி வந்தது. கங்காணியே முன்னால் நின்று வாசித்தார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பிறகு மாரிக்குப் புத்தி வந்து, தாப்பாவிலிருந்து மலைச்சாலையில் வீட்டுக்கு நடக்க ஆரம்பித்தான். வாரத்துக்கு ஒரு மைல் கல். ஆறாவது கட்டத்தில் கல்லின் எண் தெரியும், அதற்குமேல் மூட்டம். அவ்வளவுதான் கதை.

“தவந்து வந்தாகூட இந்நேரம் வந்துருப்பான் தம்பி” என்று ஒரு கிழவி கேலி செய்தாள். அவன் வந்துவிட்டால் கதை முடிந்துவிடுமே என்பதுதான் என் கவலை.

பரமேசக்கா மட்டும் கேலி செய்ததில்லை. வாசித்துவிட்டு, தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு போய்விடுவாள்.

டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஈப்போவிலிருந்து அவளுடைய அண்ணன் வேனோடு வந்தார். அவளையும் இரண்டு மகள்களையும் தன் வீட்டுக்கே கூட்டிப்போய், ஜனவரியில் பெரியவளை அங்கே இடைநிலைப் பள்ளியில் சேர்ப்பதாக ஏற்பாடு. மத்தியானம் வேன் காலியாகத் திரும்பிப் போனது. பிடிவாதக்காரி என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் ஆபீஸ் ஜன்னலில் வந்து நின்றாள்.

“தம்பி, முழுசா சொல்ல வேணாம். அவரு என்னைக்கு வந்து சேருவாருன்னு மட்டும் சொல்லிடுங்க.”

“யாருக்கா?”

“தோட்டத்துக் கடுதாசியெல்லாம் உங்ககிட்டதான வருது. செவப்பு சட்ட போட்டுட்டுத்தான் போனாரு. அது எப்படி உங்களுக்குத் தெரியும்?”

கடிதங்கள் ஆபீஸுக்கு வருவதும், நான் பிரித்துக் கொடுப்பதும் உண்மைதான். சேகர் எழுதிய கடிதத்தை நான் வைத்துக்கொண்டு, அவள் மனம் தாங்கும் அளவுக்கு வாரம் கொஞ்சமாகப் பலகையில் சொல்லிவருகிறேன் என்று அவள் நம்பியிருக்கிறாள். நான் மேசையில் கிடந்த இரண்டு பேனாக்களையும் எடுத்துக் காட்டினேன். அவள் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப கடுதாசி வரல.”

“வரலக்கா. அது நானா வரையறது.”

“நேத்து அண்ணன் வேன் கொண்டாந்தாருலா. இன்னும் மூணு மைலுதான், வந்துருவாருன்னு திருப்பி அனுப்பிட்டேன்.”

ஆபீஸ் போனிலிருந்து ஈப்போவுக்குப் பேசச் சொன்னேன். பேசினாள். இவள் வரமாட்டாள் என்று நினைத்து, இவளுக்கு ஒதுக்கியிருந்த அறையைத் தன் தங்கை குடும்பத்துக்குக் கொடுப்பதாக அண்ணி நேற்று இரவே சொல்லிவிட்டாளாம். போனை மெதுவாக வைத்தாள்.

“அடுத்த வருசம் பாப்போம்னு சொல்றாங்க” என்றாள். வாசல்வரை போய்த் திரும்பினாள். “சரி, கதையிலயாவது கொண்டாந்துருங்க தம்பி. ஒரு கட்டம் போதும்.”

சரிக்கா என்றேன். எனக்கு அழுகை வந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். வரவில்லை. குளிரில் நெடுநேரம் நின்ற கால் மாதிரி உள்ளே எல்லாம் மரத்துப்போயிருந்தது. அடுத்த திங்கட்கிழமை உர மூட்டை இறக்கும் அறிவிப்பை அந்த இடத்தில் ஒட்டினேன்.

“என்ன தம்பி, கதை முடிஞ்சிருச்சா?” என்றார் கங்காணி.

“முடிஞ்சிருச்சு” என்றேன்.

மாரி வந்துவிட்டால் அவள் மறுபடியும் காத்திருக்கத் தொடங்கிவிடுவாள், அதனால்தான் வரையவில்லை என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பொய். அவள் வாசிக்கும்போது அந்த இடத்தில் நிற்க எனக்கு வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். மூன்று வருடம் கழித்து அவளுடைய பெரிய மகள், படிப்பை விட்டுவிட்டு, காலைப் பெரட்டில் வந்து நின்றாள். பெயர்ப் பட்டியலில் அவள் பெயரை எழுதியவன் நான்தான்.

இன்று அந்த லயம் இல்லை. இருந்த இடத்தில் சுற்றுலாக் கார்கள் நிற்கின்றன. கொழுந்து வெட்டுகிறவர்கள் நேபாளத்திலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள். பெயர் கூப்பிடுவதில்லை, இயந்திரத்தில் பெருவிரலை வைத்துவிட்டுப் போகிறார்கள். அறிவிப்புகள் போனில் வருகின்றன. கங்காணி இறந்துவிட்டார். லயத்தை இடித்தபோது பரமேசக்கா பீடோர் பக்கம் போனதாகச் சிலர் சொன்னார்கள், இல்லை ஈப்போதான் என்றும் சிலர் சொன்னார்கள். நான் விசாரிக்கவில்லை. விசாரித்துக் கண்டுபிடித்தாலும் அந்த ஒரு கட்டத்தைத்தான் முதலில் கேட்பாள். அதை நான் இன்றுவரை வரையவில்லை.