இரண்டு பக்கத்துக்கும் இரண்டு அளவு

எனக்கு வாய் நீளம். மடத்துவெளியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எங்கள் ஒழுங்கையில் சட்டை தைக்கிற பிள்ளை, சேலைச் சட்டையின் ஒரு பக்கத்தில் மட்டும் அடுக்கடுக்காய்ச் சுருக்கு வைத்து, மற்றப் பக்கத்தை வெறுமையாய் விட்டுத் தைக்கத் தொடங்கியபோது, பத்துப் பேருக்கு முன்னால் கேட்டேன்: “இதென்ன கோதாரி? துணி காணாமல் போச்சோ, இல்லாட்டி உமக்கு விசரோ?” எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் முகம் வாடிப்போனதைக் கண்டேன்.

பிறகு எனக்கு மார்பில் கட்டி வந்தது. யாழ்ப்பாணத்தில் சத்திரசிகிச்சை செய்து இடப்பக்கத்தை முழுதாக எடுத்துவிட்டார்கள். உயிர் தப்பியதே பெரிய காரியம் என்று வந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். ஓம், பெரிய காரியம்தான். ஆனால் ஆட்களுக்கு முன்னால் போய் நிற்க எனக்கு வெட்கமாக இருந்தது.

நயினாதீவு அம்மன் திருவிழா கிட்டியது. எனக்கு நேர்த்திக்கடனும் இருந்தது. எங்கள் பக்கத்துப் பெண்கள் உடம்பை அளக்க விடுவது குறைவு. பொருந்திய பழைய சட்டையொன்றை அளவுக்குக் கொடுத்துவிடுவோம். நானும் என் பழைய சட்டையை மகளிடம் கொடுத்துவிட்டேன். தைக்கிற பிள்ளை அதன்படியே தைத்திருந்தாள். வலப்பக்கம் சரி. இடப்பக்கம் காற்றுப் போன பலூன் போலச் சப்பளிந்து கிடந்தது. முகம் துடைக்கிற லேஞ்சியொன்றை மடித்து உள்ளே வைத்தேன். குனிந்தபோது அது வயிற்றுக்கு இறங்கிவிட்டது. கட்டிலில் இருந்து அழுதேன். நேர்த்தியை நீயே போய்ச் செய் என்று மகளிடம் சொல்லிவிட்டேன்.

மகள் அவளிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். அடுத்த நாள் அந்தப் பிள்ளை வந்து அறைக் கதவைச் சாத்தினாள்.

“அன்ரி, அளவுச் சட்டை வேண்டாம். உங்களையே அளப்பம்.”

“என்னத்தைப் பிள்ளை அளக்கப் போறீர்? அங்க ஒண்டுமில்லை.”

“இருக்கிறதைத்தான் அளக்கிறன்.”

தழும்பின் மேல் நாடாவை வைத்து நிதானமாக அளந்தாள். நான்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வலத்துக்கு ஒன்று, இடத்துக்கு ஒன்று என்று கொப்பியில் இரண்டு அளவு எழுதினாள்.

மூன்றாம் நாள் கொண்டுவந்தாள். நான் நக்கலடித்த அதே மோஸ்தர். இடது தோளிலிருந்து சுருக்குகள் அடுக்கடுக்காய் இறங்கி அந்தப் பக்கத்தை நிரப்பின. கண்ணாடியில் பார்த்தேன். அழகாக இருந்தேன்.

“அண்டைக்கு உம்மைக் கண்டபடி பேசினனான், பிள்ளை. மன்னிச்சுக்கொள்ளும்.”

“பேசினது நீங்கள் மட்டுமே அன்ரி? திரும்புங்கோ, முதுகுப்பக்கம் பாப்பம்.”

குறிகட்டுவான் துறையில் நயினாதீவுப் படகுக்கு நின்றபோது தெரிந்த மனிசியொருத்தி கேட்டாள்: “என்னக்கா, இந்த வயசில ஒருபக்கச் சுருக்கு?” முந்தியென்றால் நானே அப்படிக் கேட்டிருப்பேன்.

“எனக்கெண்டே தைச்சது. உமக்குப் பொருந்தாது” என்றேன்.

ஆஸ்பத்திரியால் வந்த நாள்முதல், ஆட்கள் நிற்கிற இடத்தில் என் கை நெஞ்சுச் சேலையை விட்டதேயில்லை. அன்று கோயிலில் தீபம் காட்டும்போது, அத்தனை சனத்துக்குள், இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டேன். அம்மாளாச்சியிடம் முதலில் சொன்னது அந்தப் பிள்ளையின் பெயரைத்தான்.