முகம் உடைந்த சிப்பாய்

காலை ஆறே முக்கால். கல்முனையில் அந்தத் தேவாலயத்துக்குள் நுழைந்ததும் நான் முதலில் கண்டது முகமில்லாத ஒரு சிப்பாயை. எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளி கிழக்கு யன்னலின் வர்ணக் கண்ணாடியில் அவன் முகத்தையும் சட்டையில் பாதியையும் கொண்டுபோயிருந்தது. கீழே, இரண்டாம் உலகப் போரில் மாண்ட ஊர்ப் பிள்ளைகளின் பெயர்கள் கீறல்கூட விழாமல் இருந்தன.

திருத்த வேலை பற்றிப் பத்திரிகைக்கு எழுதப் போயிருந்தேன். அடுத்த மாதம் போர் நினைவு ஆராதனை. பெயர்களில் ஒன்று, அங்கு நின்றிருந்த ஓய்வுபெற்ற ஆசிரியையின் அண்ணனுடையது. அண்ணன் எகிப்தில் இறந்தார், உடல் வரவில்லை. தங்கைக்கு அண்ணனின் கல்லறையாக இருந்தது இந்த யன்னல்தான். ஆராதனைக்குமுன் அது முழுமையாக வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

ஏணியில் நின்றவர் கடைத்தெருவில் கண்ணாடி வெட்டி, படங்களுக்குச் சட்டம் போடும் முஸ்லிம் ஒருவர்; காக்கா, அதாவது அண்ணன், என்றுதான் ஊரார் அழைப்பார்கள். எங்கள் வீடுகளில் கதவுக்கு மேலே பதிக்கும் பச்சை, நீலக் கண்ணாடிகளை வெட்டி, சிப்பாயின் சட்டையை, துண்டுகளை இணைக்கும் ஈயப் பட்டிக்குள் ஏற்கெனவே பொருத்திவிட்டார். முகத்தில்தான் வேலை நின்றது.

"உயிருள்ள உருவம் நான் கீறுறல்ல, டீச்சர். எங்கட மார்க்கத்தில கூடாது" என்றார்.

கடையில் நடிகர்களின் படங்கள் தொங்குகின்றனவே என்று ஏணியடியில் நின்ற போதகர் சிரித்துக்கொண்டே சீண்டினார்.

"சட்டம் போட்டதுதான் நான், ஐயா. மூஞ்சி கீறினது வேற ஆள்."

முகத்தை மட்டும் கொழும்புக்கு எழுதிச் செய்விக்கலாம் என்றார் போதகர். அப்படியென்றால் கிறிஸ்மஸுக்கும் வராது என்று காக்கா கணித்தார். இடைவெளியில் வெறுங்கண்ணாடி போடத் தம்மால் இன்றைக்கே முடியும்; மழை உள்ளே வராது, அதற்குத் தாம் பொறுப்பு என்றும் சொன்னார். எல்லோரும் ஆசிரியையைப் பார்த்தோம். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, ஓட்டையை அண்ணாந்து பார்த்தார்.

"போன முகம் இங்கிலாந்தில கீறி வந்தது, தம்பி. மஞ்ச மயிர், நீலக் கண். எங்கட அண்ணன் நல்ல கறுப்பு. இவ்வளவு காலமும் ஒரு வெள்ளக்காரனுக்கு முன்னால நிண்டுதான் அவருக்காக ஜெபம் பண்ணினன். வெறுங்கண்ணாடியையே போடுங்க."

"கொழும்புக்கு எழுத வேண்டாமா?" என்று போதகர் கேட்டார்.

"தேவையில்ல."

காக்கா அளவுகோலை எடுத்தார். பகல் தொழுகைக்குப் போகுமுன் வேலையை முடித்து, ஏணியையும் மடித்துவிட்டார்.

நினைவு ஆராதனையன்று, பெயர்களை வாசிக்கும்போது வெயில் அந்த வெறுங்கண்ணாடி வழியாக நேரே உள்ளே இறங்கியது. முன்வரிசையில் இருந்த ஆசிரியை கண் கூசி, ஓர் இடம் தள்ளி உட்கார்ந்தார்.